லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் மார்க்கெட்டிங் படிப்பது எப்படி: பெங்களூரு பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பி.யு.சி. ரிசல்ட் வந்த வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். அல்சூரிலிருந்தோ ஸ்ரீராமபுரத்திலிருந்தோ சொந்தக்காரப் பெண் ஒருத்தி, இல்லையென்றால் அம்மாவோடு கோயிலுக்கு வருகிறவரின் பையன், "அக்கா, எனக்கு மார்க்கெட்டிங் பிடிச்சிருக்கு, ஆனா பி.பி.ஏ. வேண்டாம், லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல சேரலாம்னு பாக்கறேன், அங்க மார்க்கெட்டிங் படிக்க முடியுமா?" என்று கேட்பார்கள். பின்னாலிருந்து அப்பாவின் குரல் வரும்: "அதப் படிச்சா என்ன வேலை கெடைக்கும்னு மொதல்ல கேளு."

முடியும். ஆனால் மார்க்கெட்டிங் என்ற பெயரில் ஒரு துறை, அதற்கு ஒரு ஹெச்.ஓ.டி., ஆறு செமஸ்டருக்கும் அடுக்கி வைத்த பேப்பர்கள் என்று எதிர்பார்த்துப் போனால் முதல் மாதமே ஏமாற்றம்தான். பெரும்பாலான லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் அப்படி ஒன்று கிடையாது. அங்கே மார்க்கெட்டிங்கை நீங்களே சேர்த்துக் கட்ட வேண்டும்: உளவியலிலிருந்து கொஞ்சம், பொருளாதாரத்திலிருந்து கொஞ்சம், புள்ளியியல் நிறைய, அதோடு கல்லூரிக்கு வெளியே எதையாவது நிஜமாக விற்ற அனுபவம். நான் பெங்களூருவில் உளவியல், பொருளாதாரம், இதழியல் என்று மூன்று மெயின் எடுத்து பி.ஏ. படித்து, அப்புறம் பிராண்ட் வேலைக்கு வந்தவள். செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் அதிகம் உபயோகப்படும்.

படி 1: போர்டை நம்பாதீர்கள், சிலபஸைக் கேளுங்கள்

லிபரல் ஆர்ட்ஸ் என்ற பெயரை இப்போது யார் வேண்டுமானாலும் வாசலில் எழுதிக்கொள்கிறார்கள், அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது உங்கள் வேலை. சர்ஜாபுரா பக்கம் இருக்கும் அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், டெல்லிக்குப் பக்கத்தில் சோனிபட்டில் இருக்கும் அசோகா, ஆந்திர எல்லையில் ஸ்ரீ சிட்டியில் இருக்கும் க்ரியா, இவையெல்லாம் பல துறைகளைக் கலந்து படிக்க விடும் இடங்கள். பொருளாதாரம், வரலாறு, தத்துவம் போன்றவைதான் அவற்றின் உயிர். அசோகாவில் மார்க்கெட்டிங்கை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுக்க முடியாது. புனேயில் இருக்கும் ஃப்ளேம் பல்கலைக்கழகம் இதில் தனி ரகம், லிபரல் எஜுகேஷன் என்ற குடைக்குள்ளேயே பி.பி.ஏ.வில் மார்க்கெட்டிங் எடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. மூன்றாவது வகை நம் ஊரின் பழைய கலைக் கல்லூரிகள். மூன்று பாடங்களுக்கும் சம எடை கொடுக்கும் 'டிரிபிள் மெயின்' ஒரு காலத்தில் பெங்களூருவின் தனி அடையாளம், லிபரல் ஆர்ட்ஸ் என்ற வார்த்தையே இங்கே புழங்காத நாளில் நம் பிள்ளைகள் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை வருடப் பட்டம் என்பதைக் கண்டிப்பாகக் கேளுங்கள், இதில் இங்கே நிறையக் குழப்பம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டப்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் (பாடங்களின் எடையை அளக்கும் புள்ளி), நான்காண்டு ஆனர்ஸுக்கு 160 கிரெடிட். கர்நாடகம் 2021-ல் நான்காண்டு முறையைக் கொண்டுவந்தது, 2024-ல் மாநில அரசு அதைக் கைவிட்டு மறுபடி மூன்றாண்டுக்கே திரும்பியது. தனியார் பல்கலைக்கழகங்களின் கணக்கு வேறு. ஆகவே பக்கத்து வீட்டு அண்ணன் நான்கு வருடம் படித்தான் என்பதை வைத்து உங்கள் கல்லூரியைப் பற்றி முடிவு செய்யாதீர்கள்.

அட்மிஷன் ஆபீஸில் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், ஏ.சி. ஆடிட்டோரியத்தைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, கடைசியாக மூன்று விஷயம் கேளுங்கள். காமர்ஸ் அல்லது மேனேஜ்மென்ட் துறையின் பேப்பரை பி.ஏ. மாணவர் விருப்பப் பாடமாக எடுக்க விடுவார்களா? புள்ளியியல் எத்தனை பேப்பர், மென்பொருளில் செய்து பார்க்க லேப் உண்டா? இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் உண்டா, இருந்தால் எந்த செமஸ்டர்? மூன்றுக்கும் பதில் 'பார்க்கலாம் மா' என்று வந்தால் அது 'இல்லை' என்றே அர்த்தம்.

பண விஷயம். தனியார் லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகங்களின் கட்டணத்தைப் பார்த்தால் நடுத்தரக் குடும்பத்துக்கு மயக்கம் வரும். அஸீம் பிரேம்ஜி, அசோகா இரண்டிலும் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகை இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்காமல் 'நமக்கெல்லாம் கட்டாது' என்று மூடிவிடாதீர்கள். கிடைக்கவில்லையா, சரி, கடன் வாங்கிப் போக வேண்டிய அவசியம் இல்லை. கீழே சொல்லப்போகிற முக்கால்வாசி விஷயம் எந்தக் கல்லூரியில் இருந்தாலும் செய்யக்கூடியதுதான்.

படி 2: பாடங்களைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும்.

மார்க்கெட்டிங் என்றால் விளம்பரம், ரீல்ஸ், லோகோ என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஊடகப் பாடமும் டிசைன் பாடமும் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தத் துறையைக் கட்டி எழுப்பியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். உலகம் முழுக்க மார்க்கெட்டிங் வகுப்பில் வைக்கும் பாடப்புத்தகத்தை 1967-ல் முதல் பதிப்பாகக் கொண்டுவந்த ஃபிலிப் காட்லர் படித்தது பொருளாதாரம், சிகாகோவில் எம்.ஏ., எம்.ஐ.டி.யில் பி.ஹெச்டி. நடத்தையியல் உளவியலைத் தொடங்கி வைத்த ஜான் பி. வாட்சன், 1920-ல் பல்கலைக்கழக வேலை போனதும் நேராகப் போய்ச் சேர்ந்தது ஜே. வால்டர் தாம்ஸன் என்ற விளம்பர நிறுவனத்தில். டேனியல் கானமன் ஒரு உளவியலாளர், அவருக்கு 2002-ல் கிடைத்தது பொருளாதார நோபல். நூறு ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலையும் வலி பெரியது என்று அவரும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதியதைத்தான் 'இன்றே கடைசி நாள்' என்ற தட்டி வைக்கும் ஒவ்வொரு ஜவுளிக்கடையும் தெரிந்தோ தெரியாமலோ செய்துகொண்டிருக்கிறது.

ஒரே ஒரு ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம், நம்மூர்க் கதைதான். ஷாம்புவைச் சின்ன சாஷேயில் அடைத்து விற்கும் யோசனைக்கு முன்னோடி கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து 1983-ல் 15,000 ரூபாயில் தனியாக ஆரம்பித்ததுதான் சிக் ஷாம்பு, பின்னால் கெவின்கேர். கிராமத்துப் பள்ளிப் பையன்களைக் கூப்பிட்டு, ஊர் பார்க்கத் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். எந்தக் கம்பெனி சாஷேயாக இருந்தாலும் சரி, காலியானது ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார்கள், கொஞ்ச நாள் கழித்து சிக்கின் காலி சாஷே மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள்.

பி.பி.ஏ. புத்தகம் இதை 'விலை உத்தி' என்று ஒரு பத்தியில் முடித்துவிடும். நீங்கள் லிபரல் ஆர்ட்ஸ் மாணவர், உங்களிடம் மூன்று கண்ணாடி இருக்கிறது. பொருளாதாரம் படித்தவர் தினக்கூலியின் பண ஓட்டத்தைப் பார்ப்பார்: பாட்டில் மில்லிக்கு மலிவாகவே இருந்தாலும் அன்றைக்குக் கையில் இருப்பது அன்றைய கூலி மட்டுமே. உளவியல் படித்தவர், பிடிக்காவிட்டால் போகப்போவது ஒரு சாஷே காசுதான் என்பதால் பயம் இல்லாமல் முயற்சி செய்து பார்க்கிறார்கள் என்பார், ஐந்து காலிப் பாக்கெட்டைச் சேர்த்து வைப்பதில் பழக்கம் எப்படி உருவாகிறது என்றும் கவனிப்பார். சமூகவியல் படித்தவர் கேட்கும் கேள்வி இன்னும் நல்ல கேள்வி: சீயக்காய் போட்டுக்கொண்டிருந்த வீட்டில் ஷாம்பு யாருக்காக முதலில் வந்தது, வாங்கப் போனது யார், காசு யாருடையது? இந்த மூன்றையும் ஒரே தலைக்குள் வைத்திருப்பவரைத்தான் நாங்கள் வேலைக்குத் தேடுகிறோம்.

அதனால் என் சிபாரிசு: மேஜராக உளவியல் அல்லது பொருளாதாரம், எதில் ஆர்வமோ அது. மற்றதை மைனராக, அதாவது துணைப் பாடமாக, வைத்துக்கொள்ளுங்கள். சமூகவியலில் கள ஆய்வு முறைகள் பற்றிய பேப்பர் ஒன்று. எழுத்துப் பயிற்சி தரும் பேப்பர் ஏதாவது, அது இலக்கியமாக இருந்தாலும் பரவாயில்லை, இதழியலாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நூறு வார்த்தையைப் பத்து வார்த்தையாக வெட்ட அங்கேதான் சொல்லித்தருவார்கள். புள்ளியியலை மட்டும் பேரம் பேசாதீர்கள். நான் இரண்டாவது பேப்பரைப் பயந்துகொண்டு விட்டுவிட்டேன், அதன் விலையை வேலைக்கு வந்த முதல் இரண்டு வருடம் ராத்திரியில் உட்கார்ந்து ரிக்ரஷன் (ஒரு எண் மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று கணிக்கும் புள்ளியியல் முறை) கற்றுக்கொண்டு கட்டினேன்.

கலைப் பாடங்களும் வீண் போகாது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டனுக்கு ஓசூரில் தொழிற்சாலை, பெங்களூருவில் தலைமையகம். மொஸார்ட்டின் 25-ஆம் சிம்பொனியிலிருந்து எடுத்த ஒரு துண்டைத் தன் விளம்பரத்துக்கு வைத்து, நேரம் பார்க்கும் சாதனத்தைப் பரிசுப் பொருளாக மாற்றியது அந்தக் கம்பெனி. மொஸார்ட்டைக் கேட்டிருந்த யாரோ ஒருவர் அந்த அறையில் இருந்திருக்கிறார்.

படி 3: முதல் வருடம், அடிப்படையை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்

இதற்கு ஒரு கோடை விடுமுறை போதும். சந்தையைப் பிரிப்பது, அதில் யாருக்கு விற்பது என்று தேர்ந்தெடுப்பது, அவர்கள் மனதில் எந்த இடத்தைப் பிடிப்பது என்ற மூன்று. ஜெரோம் மெக்கார்த்தி 1960-ல் வகுத்த நான்கு பி: பொருள், விலை, கிடைக்கும் இடம், விளம்பரம். அப்புறம் ஒருவர் கேள்விப்படுவதிலிருந்து வாங்குவது வரை எந்தப் படியில் எத்தனை பேர் கழன்றுகொள்கிறார்கள் என்று பார்க்கும் ஃபனல். தடித்த புத்தகம் ஒன்றை நூலகத்தில் எடுத்து முதல் பாதியைப் படித்தால் இவ்வளவும் வந்துவிடும்.

மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் மார்க்கெட்டிங் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, ஐ.ஐ.எம். பெங்களூருவின் பாடங்களும் அதில் உண்டு. தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுத்து கிரெடிட்டாக மாற்றிக்கொள்ள யு.ஜி.சி. 2021 விதிகள் அனுமதிக்கின்றன. கல்லூரி ஒத்துக்கொள்ள வேண்டும், அதனால் முதல் செமஸ்டரிலேயே போய்க் கேட்டுவிடுங்கள். மார்க்கெட்டிங் பேப்பரே இல்லாத கல்லூரியில் இருப்பவர்களுக்கு இது பெரிய வாசல், ஆனால் இதைப் பயன்படுத்திய பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

கூகுள் ஸ்கில்ஷாப், ஹப்ஸ்பாட் அகாடமி போன்றவை இலவசச் சான்றிதழ் தரும். ஒன்றோ இரண்டோ எடுங்கள். பதினான்கு சான்றிதழை வரிசையாக லிங்க்ட்இன்னில் அடுக்கி வைப்பவர்களைப் பார்த்தால், இந்தப் பிள்ளை எதையாவது விற்றுப் பார்த்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றும்.

படி 4: தெருவுக்குப் போங்கள்

பெங்களூருவில் படிப்பதன் பெரிய லாபம் கல்லூரிக்கு வெளியே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் ஒரு மளிகைக் கடை எதிரில் ஒரு மணி நேரம் நில்லுங்கள், கையில் சின்ன நோட்டு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பிராண்ட் பெயர் சொல்லிக் கேட்டார்கள், எத்தனை பேர் 'சோப்பு ஒண்ணு குடுங்க' என்று மட்டும் கேட்டார்கள், அப்போது கடைக்காரர் கை எந்தச் சோப்பை எடுத்தது? அந்தக் கை ஏன் அங்கே போனது என்று யோசிக்க ஆரம்பித்தால் டீலர் மார்ஜின் (ஒரு பொருளை விற்றால் கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபம்) என்ற பாடம் தானாகப் புரியும். அதையே இந்திராநகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் செய்து பாருங்கள், அங்கே கடைக்காரர் கைக்குப் பதில் ஷெல்ஃப் பேசும்.

அடுத்து பேட்டி. 'இதை வாங்குவீர்களா?' என்று யாரிடமும் கேட்காதீர்கள், எல்லாரும் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். 'கடைசியாக எப்போது வாங்கினீர்கள், எங்கே, கூட யார் இருந்தார்கள், அதற்கு முன்னால் எதை வாங்கிக்கொண்டிருந்தீர்கள்?' என்று நடந்ததைக் கேளுங்கள். இதை எனக்குக் கற்றுத்தந்தது எங்கள் அம்மா. இட்லி மாவு பற்றி ஒரு அசைன்மென்ட்டுக்காக, "கடை மாவு வாங்குவியாம்மா?" என்று கேட்டேன். (ஐடி ஃப்ரெஷ் 2005-ல் இந்த ஊரில்தான் மாவு பாக்கெட்டோடு தொடங்கியது, அதனால் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அதுதான் தலைப்பு.) "கடை மாவா? நாங்கல்லாம் வாங்கறதே இல்ல" என்றார். எழுதிக்கொண்டேன். தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஒரு பாக்கெட் மாவு. "அது அவசரத்துக்கு வாங்கினதுடி, அது கணக்குல வராது" என்றார். அந்த 'கணக்கில் வராது' என்பதற்குள்தான் மாவு வியாபாரம் முழுக்க இருக்கிறது என்று ஆசிரியர் அந்த அசைன்மென்ட்டில் சிவப்பு மையில் எழுதித் தந்தார்.

மொழியை மறக்காதீர்கள். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ், கன்னடம், ஆங்கிலம், கொஞ்சம் இந்தி என்று நான்கு வாய் இருக்கிறது, அதை ரெஸ்யூமில் கடைசி வரியில் போட்டுவிட்டுப் போகிறோம். ஆங்கிலத்தில் கேட்டால் ஒரு பதில், தமிழில் கேட்டால் வேறு பதில் வரும். ஆங்கிலத்தில் 'பட்ஜெட் ஃப்ரெண்ட்லி' என்று சொன்ன அதே அக்கா தமிழில் 'மாசக் கடைசில இதுதான் கட்டுபடியாகும்' என்பார், விளம்பரத்துக்கு வேண்டிய வரி இரண்டாவதில் இருக்கிறது. நான் இன்டர்னாக இருந்த ஒரு நிறுவனத்தில் முகத்துக்குப் போடும் க்ரீமுக்கு 'உங்கள் தோலைக் காதலியுங்கள்' என்று தமிழ் விளம்பரம் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. படித்துப் பார்க்கத் தமிழ் தெரிந்தவர் அந்த மாடியில் என்னைத் தவிர யாரும் இல்லை. 'சருமம்' என்று மாற்றச் சொல்வதற்கே மூன்று மெயில் தேவைப்பட்டது. தமிழ் படிக்கத் தெரியாமல் பேச மட்டும் தெரிந்த பெங்களூரு பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், ஒரு விடுமுறையில் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். கன்னடமும் அப்படியே, அது இல்லாமல் இந்த ஊரில் ஒரு கடைக்காரரிடமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச முடியாது.

படி 5: இரண்டாம் வருடம், எதையாவது விற்றுப் பாருங்கள்

கல்லூரி ஃபெஸ்ட்டில் ஸ்பான்சர் தேடுவதும் விற்பனைதான், ஆனால் அதில் உங்கள் காசு இல்லை. சொந்தக் காசு ஐயாயிரமாவது போடுங்கள்.

நான் போட்டது 11,000 ரூபாய், ட்யூஷன் எடுத்துச் சேர்த்தது. தமிழ் வரிகள் அச்சடித்த துணிப்பைகள் நூறு, ஒன்றுக்கு 110 ரூபாய் அடக்கம், விலை 200. ஆர்டர் கொடுக்கும் முன் நாற்பது தோழிகளிடம் டிசைனைக் காட்டினேன், எல்லாரும் "சூப்பர், செம" என்றார்கள். விற்றது 38. கைக்கு வந்தது 7,600, நஷ்டம் 3,400, வீட்டில் மிச்சம் 62 பை. படி 4-ல் சொன்ன தப்பை அப்படியே செய்திருக்கிறேன் என்பது அப்போது புரியவில்லை: பிடித்திருக்கிறதா என்று கேட்டேனே தவிர, கடைசியாகத் துணிப்பைக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று ஒருத்தியிடமும் கேட்கவில்லை. பெரும்பாலானவர்கள் துணிப்பையைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை, ஏதோ கருத்தரங்கில் சும்மா கிடைத்தது.

மிச்சத்தைத் தள்ள ஆயிரம் ரூபாய்க்கு இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டேன். இந்தக் கணக்கை மட்டும் பொறுமையாகப் பாருங்கள், மூன்று வருடப் படிப்பில் இதைவிட உபயோகமான கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. விளம்பரம் 20,000 முறை காட்டப்பட்டது, அதாவது ஆயிரம் முறை காட்ட 50 ரூபாய், இதைத்தான் சி.பி.எம். என்பார்கள். அழுத்தியவர்கள் 240 பேர், 1.2 சதவீதம். வாங்கியவர்கள் 6 பேர், மேலே சொன்ன 38-க்குள் அவர்களும் அடக்கம். ஆக ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு சுமார் 167 ரூபாய். ஒரு பையில் எனக்கு லாபம் 90. அதாவது ஒவ்வொரு ஆர்டர் வரும்போதும் 77 ரூபாயைக் கையிலிருந்து கொடுத்துக்கொண்டு, ஆர்டர் வருகிறதே என்று குதித்துக்கொண்டிருந்தேன். மேலே சொன்ன 3,400 நஷ்டத்தில் இந்த ஆயிரத்தை நான் சேர்க்கவே இல்லை, கவனித்தீர்களா? ரொம்ப நாள் வரைக்கும் நானும் கவனிக்கவில்லை.

மற்றவர்கள் என்ன விளம்பரம் போடுகிறார்கள் என்று பார்க்க மெட்டாவின் விளம்பர நூலகம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, எந்தப் பிராண்டின் பெயரைப் போட்டாலும் இப்போது ஓடும் விளம்பரங்கள் வரும். மாதக்கணக்கில் மாறாமல் ஓடும் விளம்பரம் பெரும்பாலும் காசு கொண்டுவருகிறது என்று ஊகிக்கலாம். வாடிக்கையாளர்களின் போன் எண்ணைக் கூகுள் ஃபார்மில் வாங்கினால் எதற்கு வாங்குகிறீர்கள் என்று எழுதிச் சம்மதம் கேளுங்கள், தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. இன்ஃப்ளூயன்சர் தோழிக்குக் காசோ பொருளோ கொடுத்துப் பதிவு போடச் சொன்னால், அது விளம்பரம் என்று தெரியும்படி போட வேண்டும். இது விளம்பரத் தர கவுன்சிலான ஏ.எஸ்.சி.ஐ. 2021-ல் கொண்டுவந்த நெறிமுறை.

படி 6: எண்களோடு பழகுங்கள்

எக்ஸெல்லில் பிவட் டேபிள் (பெரிய பட்டியலை வகைவாரியாகச் சுருக்கிக் காட்டும் அட்டவணை) போடத் தெரிந்தால் இன்டர்ன்ஷிப்பில் பாதிப் பேரைத் தாண்டிவிடலாம். பழக எண் எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? மத்திய புள்ளியியல் அமைச்சகம் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை இலவசமாக வெளியிடுகிறது. 2023-24 கணக்கெடுப்பில் ஒருவரின் சராசரி மாதச் செலவு கிராமத்தில் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996. கிராமத்துக் கணக்கை முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 137 ரூபாய், சோறு, பஸ், துணி, மருந்து எல்லாம் சேர்த்து. கோரமங்களாவில் ஒரு காபிக்கு அதைவிட அதிகம் கொடுத்துக்கொண்டே 'வெகுஜன இந்தியாவுக்கு' பிராண்ட் பிளான் எழுதும் அறைகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒரு எண்ணைச் சொன்னால் அறை கொஞ்ச நேரம் அமைதியாகும்.

படி 7: இன்டர்ன்ஷிப்

முதல் இன்டர்ன்ஷிப்பைப் பெரிய பெயருக்காக எடுக்காதீர்கள். சின்ன நிறுவனம் நல்லது, ஒரு நிபந்தனையோடு: விற்பனை எண்ணை உங்களுக்குக் காட்ட வேண்டும். 'சோஷியல் மீடியா இன்டர்ன்' என்று எடுத்து, மூன்று மாதம் கேன்வாவில் பண்டிகை வாழ்த்து செய்ய வைத்து, ஸ்டைபென்டும் இல்லாமல் ஒரு சர்டிஃபிகேட்டோடு அனுப்பும் இடங்கள் இந்த ஊரில் ஏராளம். நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்: "நான் செய்யறதால எந்த எண் மாறணும்னு எதிர்பாக்கறீங்க?" பதில் சொல்லத் தெரியாதவரிடம் போக வேண்டாம்.

முடிந்தால் ஒரு வாரமாவது டிஸ்ட்ரிபியூட்டரின் சேல்ஸ்மேனோடு பீட் போங்கள், அதாவது அவர் கடை கடையாக ஆர்டர் எடுக்கப் போகும்போது கூடவே போங்கள். பிஸ்கட்டோ சோப்போ, ஏதோ ஒன்று. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கடை, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம், ஒரே கவுன்டரில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் கேட்கும். கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு விற்பது பிரைமரி, டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்கு விற்பது செகண்டரி. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காகப் பிரைமரியைத் தள்ளிவிட்டு, சரக்கு குடோனில் தூங்கும், ரிப்போர்ட்டில் மட்டும் வளர்ச்சி தெரியும். இதை யாரும் வகுப்பில் சொல்லமாட்டார்கள், சேல்ஸ்மேன் அண்ணன் டீ குடிக்கும்போது சொல்வார். அவரை அண்ணா என்று கூப்பிட்டு, அவர் பையில் பாதியை நீங்கள் தூக்கினால் இன்னும் நிறையவே சொல்வார்.

படி 8: கடைசி வருடமும் அதற்கு அப்புறமும்

ப்ராஜெக்ட் அல்லது ஆய்வுக் கட்டுரைக்கு 'இளைஞர்கள் மீது சமூக ஊடகத்தின் தாக்கம்' என்று எடுக்காதீர்கள், தயவுசெய்து. சின்னதாக எடுங்கள். உங்கள் தெருவில் ஐந்து வீட்டு மாவு, அல்சூர் ஏரி ஓரத்துத் தள்ளுவண்டிகளில் விலைப்பலகை இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம், ஒரு பூக்கடையில் முழம் விலை எப்படிப் பேசி முடிகிறது. முப்பது பேரை ஒழுங்காகப் பேட்டி எடுத்தால் போதும்.

எம்.பி.ஏ. பற்றி அப்பா கேட்பார். ஐ.ஐ.எம்.களுக்கான நுழைவுத் தேர்வான கேட் எழுத எந்தப் பட்டமும் செல்லும், பொதுப் பிரிவுக்கு 50 சதவீத மதிப்பெண் இருந்தால் போதும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45. பி.ஏ. படித்தவர் பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கும் ஐ.ஐ.எம்.முக்குப் போக முடியாது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். விளம்பரம், பிராண்ட் பக்கம்தான் என்று முடிவாக இருந்தால் அகமதாபாத்தில் இருக்கும் மைக்கா என்ற கல்வி நிறுவனத்தையும் பாருங்கள். என் கருத்து, இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போங்கள், அப்போது கேஸ் ஸ்டடி படிக்கும்போது ஒரு முகமாவது ஞாபகம் வரும்.

வேலைக்குப் போகும்போது மூன்றே மூன்று விஷயம் கொண்ட ஒரு ஃபைல் போதும்: ஒரு கள ஆய்வு, விற்ற ஒரு பொருளின் முழுக் கணக்கு, நீங்கள் எழுதிய விளம்பரம் ஒன்றின் முதல் வடிவமும் கடைசி வடிவமும். நஷ்டத்தை மறைக்காதீர்கள். என் முதல் நேர்காணலில் மார்க்‌ஷீட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள். துணிப்பைக் கணக்கு இருந்த பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"அந்த 62 பையை என்னம்மா பண்ணீங்க?" என்றார் ஒருவர்.

"அம்மா அத எடுத்துட்டுத்தான் காய்கறி வாங்கப் போறாங்க சார்."

சிரித்தார். அப்புறம், "சரி, உங்கம்மாவப் பாத்து மார்க்கெட்ல யாராவது அந்தப் பையக் கேட்டிருக்காங்களா? எவ்வளவுக்குக் கேட்டாங்க?" என்றார். நாலு பேர் கேட்டிருந்தார்கள் என்பது அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் விசாரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.